அட்டாக் வந்த பிறகு அப்பா அமைதியாகிவிட்டார்: குணம் மாறியதா, மனச்சோர்வா?

சாத்தூர் வெள்ளரி:
வணக்கம். எங்கள் அப்பாவுக்கு 57 வயது. உரக்கடை வைத்திருக்கிறார். பிப்ரவரியில் மாரடைப்பு வந்து, மதுரையில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்த டாக்டர், பம்பிங் நன்றாக இருக்கிறது, கடைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

அப்பா சரியான கோபக்காரர். லோடு இறக்குகிற ஆள் கொஞ்சம் பிந்தினால் தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போடுவார். பில் புத்தகத்தில் ஒரு ரூபாய் இடித்தால் ராத்திரி சோறு இறங்காது. அந்த மனிதர் இப்போது யாரையும் ஒரு வார்த்தை அதட்டுவதில்லை. கம்பெனிக்காரர்கள் அனுப்புகிற விலைப்பட்டியலைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. போன் அடித்தால் கவிழ்த்து வைக்கிறார். ராத்திரியில் கட்டிலில் உட்கார்ந்து, மணிக்கட்டில் விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டே நாடி எண்ணுகிறார்.

சொந்தக்காரர்களுக்கு இதில் ஒரே சந்தோஷம். "அந்தக் கோபம்தான் அட்டாக்கைக் கொண்டுவந்தது. இப்ப தங்கமா மாறிட்டார், இனிமே ஒண்ணும் வராது" என்கிறார்கள். எனக்கு மட்டும் உறுத்துகிறது. கோபக்காரருக்குத்தான் மாரடைப்பு வரும் என்பது உண்மையா? ஒருவரின் குணத்துக்கும், அட்டாக்குக்குப் பிறகு அவர் மனசு இருக்கிற நிலைக்கும் சம்பந்தம் உண்டா? படித்தவர்கள், பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய பேப்பர்:
முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். இரண்டாவதற்கு ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் வரட்டும்.

இந்த நம்பிக்கை எல்லா ஊரிலும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் ஜான் ஹண்டர் என்று பெரிய அறுவை மருத்துவர் இருந்தார். அவருக்கே நெஞ்சுவலி. தன்னைச் சீண்டிவிடுகிற எவன் கையிலும் தன் உயிர் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், 1793இல் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் ஒரு கூட்டத்தில் வாக்குவாதம் முற்றி, அங்கேயே விழுந்து இறந்துபோனார்.

இதை ஆராய்ச்சியாக எடுத்துச் செய்தவர்கள் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த மேயர் ஃப்ரீட்மன், ரே ரோசன்மன் என்ற இரண்டு இதய மருத்துவர்கள். 1950களில். அவர்கள் கிளினிக் நாற்காலிகளுக்குத் துணி மாற்ற வந்தவர், முன் விளிம்பு மட்டும் இப்படித் தேய்ந்து நான் பார்த்ததில்லை என்றாராம். வந்தவர்கள் எல்லாரும் எப்போது கூப்பிடுவார்கள் என்று நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்! அவசரம், போட்டி, எரிச்சல் மூன்றும் சேர்ந்த இந்தப் போக்குக்கு 'டைப் ஏ' என்று பெயர் வைத்தார்கள். கலிஃபோர்னியாவில் 3,154 ஆண்களை எட்டரை வருடம் தொடர்ந்து பார்த்து, டைப் ஏ ஆட்களுக்கு இதய நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது என்று 1975இல் வெளியிட்டார்கள்.

உங்கள் சொந்தக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். கதை அதற்கப்புறம்தான் சூடு பிடிக்கிறது. அதே ஆய்வில் இதய நோய் வந்த 257 பேரை மட்டும் தனியாக எடுத்து 1988இல் கணக்குப் பார்த்தபோது, டைப் ஏ ஆட்கள்தான் குறைவாக இறந்திருந்தார்கள். நோய் வரும் முன்னால் ஆபத்தாகத் தெரிந்த குணம், வந்த பிறகு ஆபத்தாக இல்லை. ஏன் என்று பல விதமாகச் சொல்கிறார்கள். ஒரு காரியத்தைப் பிடித்தால் விடாத ஆள், மருந்தையும் நடையையும் அப்படியே பிடித்துக்கொள்வார் என்பது ஒன்று. பிறகு பெரிய புகையிலை நிறுவனங்களே இந்த டைப் ஏ ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டியிருக்கின்றன என்பதும் வெளியே வந்தது. சிகரெட்டை விட்டுவிட்டு டென்ஷனைக் குற்றம் சொன்னால் யாருக்கு லாபம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்தவர்கள் அவசரத்தை ஒதுக்கிவிட்டு, அடுத்தவர் மேல் ஓயாத சந்தேகமும் பகையும்தான் கெடுதல் என்று அந்தப் பக்கம் நகர்ந்தார்கள்.

அதனால், தம்பி, கோபம் போனதால் இனி ஒன்றும் வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. அப்பா சிகரெட் பிடிப்பாரா? சர்க்கரை இருக்கிறதா? அதைக் கேளுங்கள் முதலில்.

தென்னந்தோப்பு:
எங்கள் பெரியப்பா வாயைத் திறந்தாலே வசவுதான். பைபாஸ் முடிந்து தையல் காயும் முன்பே வார்டு பாயைத் திட்டினார். அப்புறமும் இருபது வருடம் திட்டிக்கொண்டேதான் இருந்தார். குணமாவது ஒன்றாவது.

ஏழாம் பாவம்:
பிறந்த தேதி, நேரம் தாருங்கள். செவ்வாய் எங்கே இருக்கிறார் என்று பார்த்தால்தான்

(நெறியாளர்: ஜாதகத்துக்குத் தனி இழை இருக்கிறது.)

நைட் டூட்டி:
அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதய வார்டு செவிலியாக இருக்கிறேன். தம்பி, உங்களுக்கு உறுத்துவது சரிதான்.

வார்டில் சத்தம் போடுகிறவர்களைப் பற்றி நாங்கள் அதிகம் கவலைப்படுவதில்லை. ஊசி குத்தினால் கத்துவார், சாப்பாடு ஆறினால் கத்துவார், ஆனால் என்ன தொந்தரவு என்று வெளியே வந்துவிடும். "எப்படி இருக்கீங்க?" என்றால் "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறவர்தான் தப்பிப் போகிறார். அவரால் யாருக்கும் தொல்லை இல்லை, அதனால் யாரும் கவனிப்பதும் இல்லை.

இப்படிப்பட்ட ஆட்களை வைத்து பெல்ஜியத்துக்காரர் யோஹான் டெனொலெட் என்ற உளவியலாளர் 'டைப் டி' என்று ஒன்று சொன்னார். எப்போதும் கவலை, வருத்தம், எரிச்சல் ஒரு பக்கம். அதை அடுத்தவரிடம் காட்டாமல் அடக்கிக்கொள்வது இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் டைப் டி. கவலைப்பட்டாலும் வாய்விட்டுப் புலம்புகிறவர் இதில் வர மாட்டார். 1996இல் 303 இதய நோயாளிகளைப் பற்றி வெளியிட்டார்: டைப் டி ஆட்களில் 27 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், மற்றவர்களில் 7 சதவீதம். பயங்கரமான வித்தியாசம். ஆனால் பின்னால் வேறு இடங்களில் பெரிய கூட்டத்தை வைத்துச் செய்தபோது அந்த வித்தியாசம் மிகவும் சுருங்கிவிட்டது, சிலவற்றில் காணவே இல்லை. உயிருக்கு ஆபத்து என்பது தேய்ந்துவிட்டாலும், இந்தக் குணமுள்ளவர்கள் அட்டாக்குக்குப் பிறகு பதற்றத்திலும் சோர்விலும் அதிகம் மாட்டுகிறார்கள் என்பது திரும்பத் திரும்பத் தெரிகிறது. வார்டில் நான் பார்ப்பதும் அதுதான்.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவர் பிறவியிலேயே டைப் டி இல்லை, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நேர் எதிர். குணம் என்பது சிறு வயதிலிருந்து கூடவே வருவது. 57 வயதில், ஒரு அட்டாக்கோடு, இரண்டு மூன்று மாதத்தில் தலைகீழாக மாறினால் அது குணம் இல்லை. ஞானம் வந்துவிட்டது என்று குடும்பம் கொண்டாடுகிற நேரத்தில் மனிதர் உள்ளே மூழ்கிக்கொண்டிருப்பார். மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தீவிர மனச்சோர்வு வருகிறது. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதற்குப் பதில் சொல்லுங்கள்: தூக்கம் எப்படி? சாப்பாடு? முன்பு பிடித்த ஒன்றையாவது இப்போது செய்கிறாரா? நடக்கப் போகிறாரா?

மொன்றியல் பனி:
நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில். எனக்கே மாரடைப்பு வந்தது, ஆகவே பட்டவன் கணக்கில் எழுதுகிறேன்.

என்ர குணம் வேறு. சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. கதவைப் பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள். வைத்தியசாலையால் வந்தபிறகு படி ஏறினால் நெஞ்சு அடிக்கும்தானே, எல்லாருக்கும் அடிக்கிறதுதானே, நான் ஒவ்வொரு முறையும் அடுத்தது வருகிறது என்றே நினைத்தேன். பிறகு படி ஏறுவதை விட்டேன். பிறகு கடைக்குப் போவதை விட்டேன். மனுசி கேட்டால் குளிர் என்று சொல்வேன். பிள்ளைகளிடம் ஒன்றும் கதைக்கவில்லை. அதுகள் வேலைக்குப் போகிற பிள்ளைகள், ஏன் கரைச்சல் குடுப்பான் என்று.

என்னை எடுத்துவிட்டது இதய மறுவாழ்வு வகுப்பு. நெஞ்சில் வயர்களை ஒட்டி, சைக்கிள் மிதிக்க விட்டு, திரையில் என்ர இதயத் துடிப்பை எனக்கே காட்டினார்கள். 110 வந்தது. எனக்கு வேர்த்துவிட்டது. பக்கத்தில் நின்ற பிள்ளை ஒன்றும் நடக்காத மாதிரி, இன்னும் கொஞ்சம் மிதியுங்கள் என்றாள். அந்த 110 தான் எனக்கு மருந்து. நூறு பேர் "பயப்படாதேங்கோ" என்று சொன்னது அதற்குச் சமமில்லை.

இந்த ஊர் இதய நிலையத்தில் நான்சி ஃப்ரேஷர்-ஸ்மித் என்பவர் 1993இல் செய்த ஆய்வை அங்கேதான் கேள்விப்பட்டேன். மாரடைப்பு வந்த 222 பேரை வைத்தியசாலையில் இருக்கும்போதே பேட்டி கண்டு, ஆறு மாதம் பார்த்திருக்கிறார்கள். தீவிர மனச்சோர்வு இருந்தவர்கள் அந்த ஆறு மாதத்துக்குள் இறக்கும் ஆபத்து, இதயம் எவ்வளவு பழுது என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும், மற்றவர்களைவிட நாலு மடங்குக்கு மேல். உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கியதற்கு அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம்.

சாத்தூர் வெள்ளரி:
எல்லாருக்கும் நன்றி. சிகரெட் முப்பது வருடப் பழக்கம், அட்டாக் அன்றோடு விட்டுவிட்டார். சர்க்கரை இல்லை.

நைட் டூட்டி அக்காவுக்கு: விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துவிடுகிறார். பாதி இட்லியோடு எழுந்துவிடுகிறார். முன்பு கிரிக்கெட் போட்டால் எழுந்திருக்கவே மாட்டார், இப்போது டி.வி. ஓடினாலும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. நடை சுத்தமாக இல்லை. சித்தப்பா தினமும் வந்து "பாசிட்டிவா இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அப்பா தலையை ஆட்டுவார், அவ்வளவுதான்.

மேற்குத் தொடர்ச்சி:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். மெட்டோப்ரோலால் கொடுக்கிறார்களா? அந்த வகை மாத்திரையால்தான் மனசு மந்தமாகிறது. என் மாமாவுக்கு நிறுத்தினோம், சரியாகிவிட்டது.

நைட் டூட்டி:
மேற்குத் தொடர்ச்சி, தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள். இதைப் படித்துவிட்டு யாராவது மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து. மெட்டோப்ரோலால் மாதிரியான பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் மனச்சோர்வைக் கொண்டுவரும் என்று வெகுகாலம் டாக்டர்களே நம்பினார்கள். 35,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட 15 ஆய்வுகளை 2002இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, மனச்சோர்வு கூடவில்லை. கொஞ்சம் அசதி கூடுகிறது, ஆண்களுக்குச் சில சங்கடங்கள் வருகின்றன, அதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கிற மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்.

பழைய பேப்பர்:
'பாசிட்டிவா இருங்க' பற்றி ஒரு வார்த்தை. சித்தப்பா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம்பிக்கையான சுபாவமுள்ளவர்கள் பைபாஸுக்குப் பிறகு சீக்கிரம் எழுந்து நடமாடினார்கள் என்று ஷையர், கார்வர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1989இலேயே காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது அந்த ஆட்கள் கொண்டுவந்த சுபாவம். மூழ்குகிறவரிடம் கரையில் நின்று சொல்வதால் அது ஒட்டிக்கொள்ளாது.

குணத்தைப் பயிற்சியால் தளர்த்த முடியுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். அதே ஃப்ரீட்மன், மாரடைப்பு வந்து பிழைத்த 862 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு வழக்கமான அறிவுரையும், இன்னொன்றுக்கு அதோடு அவசரத்தையும் எரிச்சலையும் குறைக்கும் பயிற்சியும் கொடுத்தார். பயிற்சி என்றால் கடையில் நீளமான வரிசையாகப் பார்த்துப் போய் நிற்கிற மாதிரி வேலைகள். (நம் ஊர் ரேஷன் கடைக்கு இதற்காகவே ஆள் அனுப்பலாம்.) நாலரை வருடத்தில் வழக்கமான கூட்டத்தில் 21.2 சதவீதம் பேருக்குத் திரும்ப அட்டாக், பயிற்சி எடுத்த கூட்டத்தில் 12.9. ஆக, குணம் என்பது கல்லில் செதுக்கியது இல்லை.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த ஆய்வு நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்தது. மாரடைப்பு வந்தவர்களிடம் தாளைக் கொடுத்து, உங்கள் இதயம் இப்போது எப்படி இருக்கிறது, வரையுங்கள் என்றார்கள். சேதம் அதிகமாக இருப்பதாக வரைந்தவர்கள் தேறுவதற்கும் வேலைக்குத் திரும்புவதற்கும் அதிக நாள் எடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை காட்டிய உண்மையான சேதத்தைவிட அந்தப் படம்தான் சரியாகக் கணித்தது. உங்கள் அப்பா மனதில் என்ன படம் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தீர்களா?

மூச்சுப் பயிற்சி:
இவ்வளவு எதற்கு? யோகாவில் சேர்த்துவிடுங்கள். மருந்தே வேண்டாம்.

நைட் டூட்டி:
முதல் பாதிக்கு ஆமாம், இரண்டாவது பாதிக்கு இல்லவே இல்லை. இந்தியாவில் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த 3,959 பேரை வைத்து யோகா மறுவாழ்வு ஆய்வு நடந்து 2020இல் வெளிவந்தது. மூன்று மாதத்தில் 13 வகுப்பு. யோகா செய்தவர்கள் தங்கள் உடல்நிலையைச் சற்று மேலாக மதிப்பிட்டார்கள், பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் கூடுதலாக இருந்தது. இறப்பு, மறு அட்டாக் போன்றவற்றில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. முக்கியமாக, அவர்கள் எல்லாரும் மருந்தையும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்.

சாத்தூர் வெள்ளரி:
பழைய பேப்பர் சார், நேற்று ராத்திரி கேட்டேன். பில்லின் பின்பக்கத்தில் வரைந்தார். ஒரு மாங்காய் மாதிரி போட்டு, பாதிக்கு நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கத்தைப் பேனாவால் அடைத்துவிட்டார். "இது செத்துப்போச்சு, மிச்சம் இருக்கறதை வச்சு ஓட்டணும்" என்றார். யார் சொன்னது என்று கேட்டால் ஃபைலை எடுத்து எக்கோ ரிப்போர்ட்டைக் காட்டுகிறார். அதில் 'இ.எஃப். 55%' என்று இருக்கிறது. நூற்றுக்கு ஐம்பத்தைந்துதான் வேலை செய்கிறது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறார்!

நைட் டூட்டி:
அடக் கடவுளே. இது உங்கள் அப்பா மட்டும் இல்லை, பல பேர் இப்படித்தான் படித்துக்கொள்கிறார்கள். பரீட்சை மார்க் மாதிரி. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள ரத்தம் முழுவதையும் வெளியே தள்ளாது; அதில் எத்தனை சதவீதத்தைத் தள்ளுகிறது என்பதுதான் இ.எஃப். ஒன்றுமே ஆகாத ஆளுக்கும் 55இலிருந்து 70 வரைதான் இருக்கும். என்னுடையதே 60. டாக்டர் 'பம்பிங் நல்லா இருக்கு' என்று சொன்னது அந்த 55ஐப் பார்த்துத்தான். ஓ.பி. கூட்டத்தில் இதை விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரம் கிடைத்திருக்காது. அடுத்த முறை போகும்போது டாக்டர் வாயாலேயே அப்பாவிடம் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் சொல்வதைவிட அது ஏறும்.

ஆனால் இதைத் தெளிவுபடுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். விடியற்காலை விழிப்பு, பசியின்மை, எதிலும் நாட்டமில்லாமை, இத்தனையும் வாரக்கணக்கில் இருக்கிறது. மனச்சோர்வைக் கணக்கிட பி.எச்.கியூ-9 என்று ஒன்பது கேள்வித் தாள், தமிழிலும் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். மொத்தம் 27க்கு 10 அல்லது மேலே வந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாமா என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு 'சில நாள்' என்று பதில் வந்தால்கூட மொத்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தது போல ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆவதில்லை. உரக்கடையில் பூச்சிமருந்தும் இருக்கும். அவர் தேறும் வரை அதைப் பூட்டி வேறு ஆள் பொறுப்பில் வையுங்கள். ராத்திரி நேரத்தில் கை ஓடவில்லை என்றால் 14416க்குப் போன் போடலாம், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.

தென்னந்தோப்பு:
மனநல டாக்டர் கொடுக்கிற மாத்திரை இதயத்துக்கு ஆகுமா? அதையும் சொல்லுங்கள். அப்புறம் அந்த மருந்தால் ஆயுசு கூடுமா?

நைட் டூட்டி:
நல்ல கேள்வி. பழைய ரகம் சில மருந்துகள் இதயத்துடிப்பைக் கெடுக்கும், அவற்றைத் தவிர்ப்பார்கள். செர்ட்ராலின் என்ற மருந்தை, மாரடைப்போ நெஞ்சுவலியோ வந்து மனச்சோர்விலும் இருந்த 369 பேருக்குக் கொடுத்துப் பார்த்து, பாதுகாப்பானது என்று 2002இல் சொன்னார்கள். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கிற ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெலோடு சேரும்போது ரத்தக்கசிவு வாய்ப்பு கொஞ்சம் கூடலாம். அதனால் மாத்திரைச் சீட்டு முழுவதையும் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆயுசு? 2,481 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2003இல் வந்தது. பேச்சு சிகிச்சையால் மனச்சோர்வு குறைந்தது. இறப்போ மறு அட்டாக்கோ குறையவில்லை.

தென்னந்தோப்பு:
பிறகு எதற்கு அலைய வேண்டும்?

மொன்றியல் பனி:
அண்ணை, நான் ஒரு குளிர்காலம் முழுக்க யன்னலுக்குப் பக்கத்தில் இருந்தேன். அந்தக் காலத்தையும் ஆயுசில்தானே சேர்க்கிறீர்கள்? மூன்று மணிக்கு முழித்து நாடி எண்ணாமல் நித்திரை கொள்ள முடிந்தால் எனக்கு அது காணும்.

சாத்தூர் வெள்ளரி:
அக்கா, அப்பாவிடம் மனநல டாக்டர் என்ற பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். எப்படிச் சொல்வது?

நைட் டூட்டி:
தூக்கத்தைச் சொல்லிக் கூட்டிப்போங்கள். "மூணு மணிக்கே முழிச்சிடறீங்க, அதுக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போம்" என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், அது பொய்யும் இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே பார்ப்பார்கள், செலவு இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரி, எக்கோ, மாத்திரைச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் டாக்டரிடம் முதல் ஐந்து நிமிடம் அப்பா தனியாகப் பேசட்டும். மகன் முன்னால் அந்தக் காலத்து ஆண்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

மொன்றியல் பனி:
அம்மாவின்ர நித்திரையையும் ஒருக்கா விசாரியுங்கோ தம்பி. என்ர மனுசி அந்தக் காலத்தில் நான் மூச்சு விடுகிறேனா என்று ராத்திரி ராத்திரியாய் எழும்பிப் பார்த்திருக்கிறா. எனக்கு அது தெரியவந்தது வெகுநாள் கழித்து.